இருநூற்றுப் பதினாலு கோடியும் பதினோரு தாள்களும்

இரண்டை முப்பத்தோரு தடவை பெருக்கி, வருவதில் ஒன்றைக் குறைத்தால் 2147483647. வாய்விட்டுச் சொன்னால், இருநூற்றுப் பதினாலு கோடியே எழுபத்து நாலு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் இது மீதியில்லாமல் வகுபடாது. பகா எண். நான் குடியிருந்த வீடுகளின் கதவு எண்கள் மறந்துவிட்டன, வேலை பார்த்த ஊர்களின் பின்கோடு மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவில்லை. பெருமைக்குரிய காரணத்தால் அல்ல.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். கல்வராயன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் தற்காலிக அறிவியல் ஆசிரியர். வயது இருபத்து நாலு. எனக்கும் கணக்கு வாத்தியாருக்கும் சேர்த்து ஒரு அறை. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர், அரசு வேலையில் நிரந்தரமாக வந்தவர். மணலூர்பேட்டை பக்கத்தில் ஒரு காலனி அவர் ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். நான் வடக்கனந்தல். எங்களுக்கு நிலம் இருந்தது, கரும்பு இருந்தது, வெட்டுவதற்கு அவர்களைப் போன்றவர்கள் வந்தார்கள். அறைக்குள் இதெல்லாம் பேச்சில் வராது. அவர் சோறு வடிப்பார், நான் குழம்பு வைப்பேன். அவர் என்னை "இன்னாப்பா" என்பார். நான் அவரை "சார்" என்பேன்.

ஒன்பதாம் வகுப்புக்கும் என் எட்டாம் வகுப்புக்கும் நடுவே பாதி உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் சொன்னது இந்தப் பக்கம் கேட்கும். ஒரு புதன்கிழமை, அவருடைய ஒன்பதாம் வகுப்பில் ஒரு மலைப்பெண் எழுந்து, "சார், உங்களுக்குத் தெரிஞ்சதுலயே பெரிய பகா எண் எது சார்?" என்று கேட்டாள். அவர் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினார். பத்து இலக்கம். பிள்ளைகள் எண்ணிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தலைமையாசிரியர் அந்த நேரம் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தவர், நின்றார். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் ஏறி வருகிறவர். என் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தமும்கூட.

"இதை யாரு வகுத்துப் பார்த்தது?"

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் பார்த்துட்டாரு சார். காலேஜ்ல படிச்சேன்."

"நீ பார்த்தியா?"

"நான் பார்க்கல சார்."

"அப்புறம் இன்னாத்துக்குப் பசங்களுக்கு எழுதிப் போடற? இவ்ளோ பெரிய எண்ணு, எதாலயாவது போவாமலா இருக்கும்?" கொஞ்சம் நிறுத்தினார். "கோட்டாவுல வந்துட்டா இதான். ஒப்பிக்கத் தெரியும். போட்டுப் பார்க்கத் தெரியாது."

தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"திங்கக்கிழமை இதே பீரியட் வர்றேன். ஒண்ணு, வகுத்துக் காட்டு. இல்ல, தெரியாம தப்பா சொல்லிட்டேன்னு இதுங்க எதிர்ல சொல்லு."

மறுநாள் பஸ் வரவில்லை. கீழே சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், எந்தப் பக்கமும் வண்டி ஓடவில்லை. விடுதிக்கு அரிசி வராது என்று தெரிந்ததும் பிள்ளைகளை அவரவர் ஊருக்கு நடந்து போகச் சொன்னோம். பள்ளி காலி. மலையில் மூடுபனி, தூறல், மரவள்ளிக் காட்டில் காற்று. பஸ் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத் தலைமையாசிரியர் வருவார், அன்றைக்கு அவர் கெடு.

"அவரு கேட்டது சரிதாம்ப்பா," என்றார் கணக்கு சார், வெங்காயம் உரித்துக்கொண்டே. "நான் போட்டுப் பார்க்கலதானே. கேட்ட விதம்தான் வேற."

"விடுங்க சார். அந்த ஆளு வாய் அப்படி."

"பசங்க கேட்டுக்கினு இருந்தாங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட்டதும் காலாண்டுத் தேர்வில் மிஞ்சிய வெள்ளைத்தாள்களை எடுத்து வந்து பாயில் பரப்பினார்.

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு வர்க்கமூலம் நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பது சொச்சம். அதுவரைக்கும் பகா எண்கள் நாலாயிரத்துக்கு மேல். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. இதை ஏதாவது ஒரு பகா எண் வகுக்குமானால், அந்த வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்தால் அது அறுபத்திரண்டின் மடங்காக இருக்க வேண்டும். எட்டால் வகுத்தால் மீதி ஒன்றோ ஏழோ வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 63, 249, 311, 497 என்று ஒரு வரிசை ஓடும். ஒன்றிலிருந்து அறுபத்திரண்டு தாண்டும், பிறகு நூற்றெண்பத்தாறு தாண்டும், மறுபடி அறுபத்திரண்டு. நொண்டி நடை. நாற்பத்தாறாயிரம் வரைக்கும் அப்படி நொண்டி வந்தால் முந்நூற்று எழுபது சொச்சம் எண்கள். அதில் மூன்றால் போவது, ஏழால் போவது, பதின்மூன்றால் போவது எல்லாம் தள்ளினால் எண்பது சொச்சம் மிஞ்சும். இதை எல்லாம் கல்லூரி நோட்டிலிருந்து அவர் எனக்கு விளக்கினார். தள்ளி முடிக்க ஒரு முழுப் பகல் ஆனது.

பள்ளி எழுத்தரின் மேஜையில் ஒரு கால்குலேட்டர் இருந்தது. எட்டு இலக்கத்துக்கு மேல் அதில் இடமில்லை. கையால்தான்.

எண்பது சொச்சம் எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்கி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். பெரிய எண்கள் ஒருவர் தலையிலேயே விழக்கூடாது என்று. ஒரு எண்ணுக்கு ஒரு தாள். முதல் சீட்டு அவருக்கு 311. ஈவு 6905092, மீதி 35. "பத்தியா, மீதி வந்துச்சு. முந்நூத்திப் பதினொண்ணு அவுட்டு," என்றார்.

சரிபார்க்க ஒன்பது தள்ளும் முறை. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவது. 2147483647-ஐக் கூட்டினால் நாற்பத்தாறு, பத்து, ஒன்று. 311 என்றால் ஐந்து. ஈவு நாலு. ஐநாலு இருபது, அது இரண்டு. மீதி முப்பத்தைந்து, அது எட்டு. இரண்டும் எட்டும் பத்து, ஒன்று. எந்தத் தாளாக இருந்தாலும் கடைசியில் ஒன்று வர வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் இப்படிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

மூன்று நாள் நன்றாகப் போனது. எனக்கு அந்த நாள்கள் பிடித்திருந்தன. ஐந்திலக்க எண்ணால் பத்திலக்கத்தை வகுக்கும்போது தலைக்குள் வேறொன்றும் இருக்காது. ஓட்டில் மழை. அவர் முணுமுணுப்பு, "எட்டேழ் அம்பத்தாறு, அஞ்சு கையில." தேநீர். அடுத்த சீட்டு. நான் எந்த வேலையிலும் முழுசாக உட்கார்ந்தவன் இல்லை. அதில் உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் கடுக்காய் வாங்க வந்த வியாபாரி ஒருவர் எனக்குச் செய்தி கொண்டுவந்தார். வூட்டுக்கு ஒரு ஆள் மறியலுக்கு வரணும் என்று எங்கள் தெருவில் முடிவாம், அப்பாவுக்கு முடியவில்லை, என்னை வரச் சொன்னாராம் சித்தப்பா. கணக்கு சார் காதிலும் விழுந்தது. "போய்ட்டு வாப்பா. வூட்டுல கூப்பிட்டா போய்த்தானே ஆவணும்," என்றார்.

குறுக்குப் பாதையில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக நடந்து வடக்கனந்தல் போனேன். சாலையில் புளியமரம் கிடந்தது. இலைகள் இன்னும் வாடவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்து ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடா வாத்யாரே. மலை மேல இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்றார் சித்தப்பா.

"கணக்கு போட்டுக்கினு இருக்கேன் சித்தப்பா."

"இங்க வந்து போடு. நம்ம ஆளுங்க எத்தினி பேரு, கவருமெண்டு வேலையில எத்தினி பேரு. போட்டுச் சொல்லு பார்க்கலாம். என் புள்ள டிகிரி முடிச்சிட்டு மாடு ஓட்டிக்கினு இருக்கான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பிள்ளையும் அங்கேதான் நின்றிருந்தான். நான் மரம் வெட்டவில்லை. மரத்தின் பக்கத்தில் நின்றேன். ஒரு நாள் முழுக்க நின்றேன்.

"கூட தங்கிக்கினு இருக்கியே, கணக்கு வாத்தியாரு, அது எந்த ஊரு?"

"மணலூர்பேட்டை பக்கம்."

"யாரு வூட்டுப் புள்ள?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். "தெரியல சித்தப்பா, கேக்கல," என்றேன். ஒரு வருஷமாக ஒரே பானைச் சோறு தின்கிறவன் சொன்ன பதில். பெண்ணையாற்றுப் பக்கம் எங்கேயோ குடிசைகள் எரிந்ததாக அங்கே ஒருவர் சொன்னார், இன்னொருவர் அதெல்லாம் புரளி என்றார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மலை ஏறினேன். வந்து சேரும்போது வெயில் சாயும் நேரம். கால் வீங்கியிருந்தது. கணக்கு சார் தன் பங்கை முடித்திருந்தார்.

"உன்னோடது எவ்ளோ இருக்குதுப்பா?"

"கொஞ்சம்தான் சார். முடிச்சிடறேன்."

பதினொன்று இருந்தது. அவர் தண்ணீர் எடுக்கக் கீழ்ச் சுனைக்குப் போனார். நான் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே ஐந்திலக்கம். எனக்கு ஒன்று தோன்றியது. இது பகா எண் என்று இருநூறு வருஷமாகத் தெரியும். இந்தப் பதினொன்றும் வகுக்கப்போவதில்லை. ஏதோ ஒரு மீதி வரும். அது என்ன மீதி என்று யாருக்கு வேண்டும்?

முதல் இரண்டு மூன்று இலக்கங்களை மட்டும் வகுத்தேன். அடுத்ததெல்லாம் கைக்கு வந்ததை எழுதினேன். ஒன்பது தள்ளினால் ஒன்று வரும்படி மீதியை மட்டும் பார்த்து வைத்தேன். நடுவில் கழித்தல்களும் அடித்தல் திருத்தல்களும் போட்டேன், உழைத்ததுபோல் இருக்கட்டும் என்று. பதினோரு தாளும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. தண்ணீர்க் குடத்தோடு அவர் திரும்பியபோது நான் கால் நீட்டிப் படுத்திருந்தேன்.

"முடிச்சிட்டியா? கில்லாடிப்பா நீ," என்றார். உண்மையாகவே சந்தோஷம் அவருக்கு.

காலையில் என் தாள்களை ஒவ்வொன்றாக ஒன்பது தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒன்று. அடுக்கி, ஓரத்தில் ஊசியால் குத்தி நூல் கோக்க ஆரம்பித்தார். ஊசி ஒரு தாளில் நின்றது.

"இருவதாயிரத்து எம்பத்தொம்பது. நீதானே போட்ட?"

"ஆமாம் சார்."

"ஈவு மூணுல முடியுது. ஒம்மூணு இருவத்தேழு. ஏழு. மீதி எட்டுல முடியுது. ஏழும் எட்டும் பதினஞ்சு." தாளை என் பக்கம் திருப்பினார். "அஞ்சில்ல வரணும்? நம்ம எண்ணு ஏழுல முடியுது."

106453 என்று எழுதியிருந்தேன், மீதி 7218. கடைசி இலக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. அவர் அடுத்த தாளைப் பார்த்தார். அதற்கடுத்ததை. ஒன்றிரண்டில் தற்செயலாக ஏழு வந்திருக்கலாம், அதையும் நம்பவில்லை. பெருக்கிப் பார்த்தார். பதினொன்றையும் தனியாக எடுத்து வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்படியும் மீதி வரப்போவுதுதானே சார்," என்றேன். "தெரிஞ்ச விஷயம்தானே."

"அதைத்தானேப்பா அவரும் சொன்னாரு. ஒப்பிக்கத் தெரியும், போட்டுப் பார்க்கத் தெரியாதுன்னு."

ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார். பிறகு கேட்டார்: "கீழ ஆத்துப் பக்கம் எதனா சேதி கேட்டியா? எங்க ஊரு தாண்டித்தான் பஸ்ஸு போவும். பால்காரன் இன்னான்னாவோ சொல்றான்."

"குடிசை எரிஞ்சுதுன்னு சொன்னாங்க சார். எந்த ஊருன்னு தெரியல."

"கேக்கலியா?"

"கேக்கல."

தலையாட்டினார். நான் இல்லாத இரண்டு நாளும் இதை வைத்துக்கொண்டுதான் வகுத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்தப் பதினொண்ணையும் இப்பவே போட்டுடறேன் சார்."

"வேணாம்."

"மத்ததெல்லாம் நெசமா வகுத்ததுதான் சார்."

"இருக்கும்ப்பா. நான் எப்படி நின்னு சொல்றது?"

என்னுடைய மற்ற முப்பது தாள்களையும் ஈவால் பெருக்கி, மீதியைக் கூட்டி, முழு எண்ணும் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். எல்லாம் வந்தன. ஆனால் அதற்கே அடுத்த நாளும் போய்விட்டது. அதன்பிறகு பதினொன்றில் இரண்டை வகுத்திருந்தார், வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக மலையே காத்திருந்தது. எங்கள் அறையில் மட்டும் யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. டிரைவரிடம் ஆளனுப்பி விசாரித்ததில் கணக்கு சாரின் காலனிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. எரிந்தது இரண்டு ஊர் தள்ளித்தான். பஸ்ஸில் அரிசி மூட்டையும் தலைமையாசிரியரும் வந்திருந்தார்கள்.

அன்றைய இரவு விடுதியைத் திறந்து ஒழுங்குபடுத்துவதிலேயே போனது. மறுநாள் காலைக்குள் பாதிக்கு மேல் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அந்தப் பீரியட் வந்தது. தாள்கட்டை எடுத்துக்கொண்டு கணக்கு சார் போனார். நான் என் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"இன்னா ஆச்சு உன் பகா எண்ணு?" என்றார் தலைமையாசிரியர்.

"இன்னும் ஒம்பது பாக்கி இருக்குது சார். மத்த எல்லாத்தாலயும் வகுத்தாச்சு."

"ஒரு வாரத்துக்கு மேல லீவு. ஒம்பது பாக்கியா? அந்த ஒம்பதுல ஒண்ணு வகுத்துட்டா?"

"வகுத்துட்டா இது பகா எண் இல்ல சார்."

"அப்போ சொல்லு அதை."

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். குரல் மாறவில்லை. "அன்னிக்கு நான் பகா எண்ணுன்னு சொன்னது தப்பு. நான் வகுத்துப் பார்க்காம சொன்னேன். இன்னும் ஒம்பது இருக்குது. அது முடியற வரைக்கும் எனக்குத் தெரியாது."

தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதே வாக்கியமாகத்தான் இருந்திருக்கும். நான் உள்ளே போனேன்.

"அந்தப் பாக்கி என்னோடது சார். எனக்கு வந்த பங்கு. பதினொண்ண வகுக்காமலே பொய்யா எழுதி வச்சேன். சார்தான் கண்டுபுடிச்சாரு. என்னோடத முழுக்க மறுபடி பார்த்ததுலதான் அவருக்கு நேரம் போச்சு."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். முகம் இளகியது.

"விடு தம்பி. ஊர்ல அவ்ளோ கலாட்டா. மனசு எங்க ஒரு இடத்துல நிக்கும்?"

அவ்வளவுதான். ஒப்பிக்கிறவன் என்றோ, போட்டுப் பார்க்கத் தெரியாதவன் என்றோ, எந்த வழியில் வந்தவன் என்றோ அவருக்கு என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்று கேள்வி கேட்ட பெண் மட்டும் கணக்கு சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சாக்பீஸை எடுத்து, பலகையின் இடது ஓரத்தில் ஒன்பது எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார்.

"நான் வகுக்கறேன். நீங்க பெருக்கிப் பாருங்க. வரலன்னா வரலன்னு சொல்லணும். எனக்காக வருதுன்னு சொல்லக்கூடாது."

தலைமையாசிரியர் இரண்டு எண்கள் வரைக்கும் நின்றார். பிறகு ஆபீஸில் வேலை இருக்கிறது என்று போனார். மணி அடித்தது, யாரும் எழவில்லை. ஒரு தடவை நடுப்பெஞ்சிலிருந்து ஒரு பையன் "வரல சார்" என்றான். அவர் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். அவர்தான் ஓரிடத்தில் ஆறைக் கீழே இறக்கும்போது பூஜ்யமாக எழுதியிருந்தார். "நல்லா பார்த்த," என்றார் பையனிடம். ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டே வந்தார். சாக்பீஸ் தூள் சட்டைக் கையில் படிந்தது.

கடைசியில் இருந்தது 45943. எங்கள் எண்பது சொச்சத்திலேயே பெரிய எண்ணும் அதுதான். என் சீட்டில் விழுந்தது. நான் அதற்கு எழுதியிருந்த மீதி எனக்கு இப்போது நினைவில்லை. அவர் பலகையில் போட்டது நினைவிருக்கிறது. ஈவு 46742. மீதி 15941.

முப்பது தலைகள் நோட்டுக்குள் குனிந்தன. கதவோரம் நின்று, என் வகுப்பு வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் நானும் பெருக்கினேன். என்னை யாரும் கேட்கவில்லை. முன்பெஞ்சிலிருந்து "வருது சார்" என்று ஒரு குரல், பிறகு இன்னொன்று, பிறகு பல. அவர் இன்னும் முடிக்காதவர்களுக்காகக் காத்திருந்தார். கடைசிப் பையனும் தலை நிமிர்ந்த பிறகு, "இப்போ சொல்லலாம்," என்று சொல்லி, எண்ணுக்குப் பக்கத்தில் பகா எண் என்று எழுதினார்.

எனக்கும் வந்திருந்தது. இலக்கம் இலக்கமாக, கடைசி ஏழு வரைக்கும். பதிவேட்டை மூடிக்கொண்டு என் வகுப்புக்குப் போனேன்.